ஒட்டுவதெல்லாம் மருந்தாகுமா?

வடுகபட்டி மண்டிக்கு வரும் கொடைக்கானல் மலைப்பூண்டின் காரநெடிக்குக் காரணம் அல்லிசின். முழுப் பல்லில் அது இருக்காது. பல்லை நசுக்கியதும் அல்லினேஸ் என்ற நொதி, அல்லியின் என்ற பொருளை அல்லிசினாக மாற்றத் தொடங்கும். 1944இல் கவல்லிட்டோவும் பெய்லியும் அதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவை அது அடக்குவதைக் காட்டினார்கள். புரதத்திலுள்ள சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு போய் ஒட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. இதே கந்தகப் பிணைப்பைத் தூண்டிலாக வைத்துத்தான் நவீன மருந்தியல் ஒரு பெரிய மீனைப் பிடித்தது.

மருந்து தேடும் அந்தச் செய்முறை எளிது. 300 டால்டனுக்கும் குறைவான எடையுள்ள மூலக்கூறுத் துண்டுகளை நோய்க்குக் காரணமான புரதத்தோடு கலந்து வைக்கிறார்கள். பிறகு நிறை நிறமாலைமானியில் புரதத்தை எடை போடுகிறார்கள். எடை கூடியிருந்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது. கூடிய அளவே ஒட்டியது எது என்று சொல்லிவிடும். சாயமோ கதிரியக்க அடையாளமோ வேண்டாம், கொஞ்சம் புரதமே போதும். ஜான் ஃபென்னுக்கு 2002இல் நோபல் பெற்றுத் தந்த மின்தெளிப்பு முறைதான், பெரிய புரதத்தையும் சிதைக்காமல் கருவிக்குள் அனுப்ப வழி செய்தது.

கே-ராஸ் புரதத்தின் கதை இதன் பலத்துக்குச் சரியான சான்று. மனிதப் புற்றுக்கட்டிகளில் அதன் பங்கு 1982இலேயே தெரிந்தும், முப்பது ஆண்டுகளுக்கு எந்த மருந்தும் அதனிடம் பலிக்கவில்லை. மருந்து போய் உட்காரத் தோதான குழி அதில் இல்லை என்றே நம்பினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கெவன் ஷோகாட்டின் குழு, 12ஆம் இடத்தில் சிஸ்டைன் முளைத்த திரிந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, கந்தகப் பிணைப்பால் ஒட்டும் 480 டைசல்ஃபைடு துண்டுகளை அதன்மேல் சோதித்தது. திரிந்த புரதத்தில் ஒட்டி, இயல்பான புரதத்தை விட்டுவிட்ட துண்டுகளை மட்டுமே முன்னெடுத்தது. அதன் பிறகு எடுத்த படிகப் படம், யாரும் பார்த்திராத ஒரு குழியைக் காட்டியது. 2013இல் வெளியான அந்த ஆய்வு திறந்த வழியில்தான், 2021 மே மாதம் ஆம்ஜென் நிறுவனத்தின் சோட்டோராசிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேறு சிகிச்சைகள் கைவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளில் சுமார் 37 விழுக்காட்டினருக்கு அது பலன் தந்தது.

இந்த வெற்றியைக் கருவியின் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு. இயல்பான புரதத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த நிதானத்துக்கும் அதில் சம பங்கு உண்டு. மண்டித் தராசு மூட்டையின் எடையைத்தான் சொல்லும், உள்ளே அழுகல் இருப்பதைச் சொல்லாது. இந்தக் கருவியும் அப்படித்தான். அல்லிசினையே எடுத்துக்கொள்ளலாம். அது ஒட்டினால் புரதத்தின் எடை 72 டால்டன் கூடும். பாக்டீரியாவோடு அல்லிசினைச் சேர்த்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வாளர்கள், ஒன்றிரண்டில் அல்ல, பல புரதங்களில் அந்த 72ஐக் கண்டார்கள். கிருமியைக் கொல்ல அது நல்லதாக இருக்கலாம். ஒரே புரதத்தைக் குறிவைக்கும் மருந்துக்கு அதுவே தகுதிக்குறைவு. ஒரு புரதத்தை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் அல்லிசின் முதல் வரிசையில் தேர்ச்சி பெற்றிருக்கும்!

இறுகப் பிணையாமல் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் துண்டுகளின் நிலை இன்னும் மோசம். கரைசலிலிருந்து வளிநிலைக்குப் போகும்போது சில கழன்றுவிடும். உண்மையில் ஒட்டாத சில, துளி வற்றும்போது வந்து சேர்ந்துகொள்ளும். புரதம் வழக்கமாக வாழும் உப்புக் கரைசலும் கருவிக்கு ஆகாது, அமோனியம் அசிட்டேட்டுக்கு மாற்ற வேண்டும். இறுகப் பிணையும் துண்டுகளுக்கும் எடை மட்டும் போதாது. 2020இல் கொரோனா வைரஸின் முதன்மை நொதியைச் சோதித்தபோது, இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் நிறை அளவீட்டோடு நிற்காமல், பிரிட்டனின் டயமண்ட் மையத்தில் எடுத்த படிகப் படங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒட்டியது எந்த இடத்தில் என்பதைப் படம்தான் காட்டும்.

சோதனைக்குழாயைத் தாண்டிய சிக்கலும் உண்டு. டைசல்ஃபைடு பிணைப்பு செல்லுக்குள் நிலைக்காது, அங்குள்ள குளுட்டதயோன் அதை உடைத்துவிடும். ஷோகாட் குழுவும் அந்தத் துண்டுகளை ஓரம்கட்டி, பிடித்த பிடியை விடாத அக்ரிலமைடு போன்ற பிணைப்புகளுக்கு மாற வேண்டியிருந்தது. ரத்தத்தில் கலந்த அல்லிசினும் வெகு சீக்கிரம் மறைந்துபோகிறது. மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நியாயமான பெருமை. அதன் மருத்துவக் குணத்துக்கு ஆய்வுக்கூடச் சான்று காட்ட முன்வருபவர்கள், எந்தப் புரதத்தில் ஒட்டியது என்ற பட்டியலோடு, எவற்றில் ஒட்டவில்லை, ரத்தத்தில் எவ்வளவு நேரம் தாங்கியது என்ற விவரங்களையும் வெளியிட வேண்டும்.