மேஸ்திரி நிற்கும் இடம்

கிளமெண்டி கோப்பிக்கடையில் உட்கார்ந்து ‘எரியும் பனிக்காடு’ நாவலைப் படித்து முடித்தேன். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் இரா. முருகவேள். அட்டை, மழை, காய்ச்சல், துரைகளின் கொடுமை என்றுதான் பலரும் இதைப் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு முந்தைய பக்கங்கள். வேலையில்லாத கருப்பனிடம் மேஸ்திரி நைசாகப் பேசி முன்பணத்தை நீட்டுகிறான். மலையேறும் முன்பே அவனும் வள்ளியும் மாட்டிக்கிட்டாங்க. கம்பெனி யாரையும் அடிமையா வாங்கல. கணக்கில் இருப்பது வெறும் முன்பணம்.

நான் பொறியாளன். சப்ளையர்களின் படிவங்களைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். ‘கட்டாய உழைப்பு உண்டா?’ எல்லாரும் ‘இல்லை’ன்னுதான் டிக் பண்ணுவாங்க. விநியோகச் சங்கிலியில் மனித உரிமை மீறல்களைத் தேடிப் பார்க்கச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் போட்டது. கம்பெனிகள்மீது அது பாயும் முன்பே சுருக்கவும் தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூரில், வேலைக்கு வருகிறவரிடம் ஏஜென்ட் அதிகபட்சம் 2 மாதச் சம்பளம்தான் வாங்கலாம். ஊரில் கைமாறும் பணம் இதில் வராது. மேஸ்திரி இன்னும் அங்கேதான் நிற்கிறான்.

நாவலின் பலவீனம் டாக்டர் ஆபிரகாம். அவர் வந்ததும் கதை அவருடைய நல்ல மனசைச் சுற்றுகிறது. முன்பணக் கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. தொழிற்சங்கம் கட்டியவர் எழுதிய நாவலில் நம்பிக்கை ஏன் ஒரு தனி மனிதரிடமிருந்து வரணும்?

‘இந்த வேலைக்கு வர யாரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள்?’ படிவத்தில் இதைச் சேர்க்கலாமா என்று மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரல.