பந்துக்கு ஒரு பீடம்

ரக்பி பந்து முட்டை வடிவம், உதைக்க நட்டுவைத்தால் நிற்காது. அதற்காகத்தான் ‘டீ’ என்ற அந்தச் சின்ன பிளாஸ்டிக் பீடம். அது வருமுன் பூட்ஸ் குதிகாலால் புல்லைக் குழித்தார்கள், அல்லது வாளியில் மணல் வரவழைத்துக் குவித்தார்கள். டீ வசதிதான், ஆனாலும் அழகு என்றால் எனக்கு அந்த மணல்மேடுதான்.

அன்று பந்தும் தோல். நனைந்த தோல் என்ன கனம் கனக்கும் என்று ஆம்பூர் டேனரிக்காரர் யாரும் சொல்வார். அதை நேரே ஓடிவந்து, கெட்டியான பூட்ஸ் நுனியால் குத்தினார்கள். இன்று செயற்கைப் பந்து. பக்கவாட்டில் வளைந்து வந்து பாதத்தின் மேற்புறத்தால், நம்மூர் ஷூ கம்பெனிகள் ‘அப்பர்’ தைக்கிற அந்த இடத்தால், அடிக்கிறார்கள். குறி, கோல் கம்பங்கள். அவற்றுக்கு நடுவே 5.6 மீட்டர்; குறுக்குக் கட்டையின் உயரம் 3 மீட்டர். அதற்கு மேலே போனால் பெனால்டிக்கு 3 புள்ளி, ட்ரைக்கு (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) பிந்தைய உதைக்கு 2.

இங்கிலாந்துக்காக உதைத்த ஜானி வில்கின்சன் உதைக்குமுன் கைகளைக் கோத்துக் குனிந்து நிற்பாரே, பாதிக் கலை அந்த நிற்பில்தான்.

இலங்கையில் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் ரக்பியில் பிராட்பி கேடயத்துக்கு மோதுகின்றன. வாய்த்தால் போய்ப் பாருங்கள். பந்தை விடுங்கள், உதைக்காத கால் எங்கே ஊன்றுகிறது என்று கவனியுங்கள்.