சூரணம் சர்க்கரையை இறக்குகிறதா? கையில் ஒட்டிய சென்சார் காட்டும் கணக்கு

“சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடுகிறேன், மாத்திரையை விட்டுவிட்டேன்” என்று சொல்பவர் நம் சொந்தத்தில் ஒருவராவது இருப்பார். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், போன மாதம் வெறும் வயிற்றில் பார்த்த எண்ணைச் சொல்வார். அது அன்று காலை ஒரு நிமிட நிலவரம். மற்ற நேரமெல்லாம் உடம்புக்குள் என்ன நடந்தது என்பது அவருக்கும் தெரியாது, பொடி கொடுத்தவருக்கும் தெரியாது. அதைப் பார்க்க இப்போது கருவி வந்துவிட்டது. அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டு, நாட்டு மருந்துக் கடைப் பொடிகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தேன்.

எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு. மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சோதனை நடந்த காலம் முழுவதும் மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ இல்லை. என் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க நினைப்பவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

சென்சார் ஒரு பெரிய நாணயத்தின் அளவு இருக்கிறது. மேல்கையின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினால், முடிபோன்ற மெல்லிய இழை தோலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து வேலையைத் தொடங்கி, 14 நாள் வரை கையிலேயே இருக்கும். குளிக்கலாம், தூங்கலாம். அதோடு இணைந்த ரீடர் கருவியையோ கைபேசியையோ அருகே கொண்டுபோனால் அந்த நேரத்து அளவும், கடந்த எட்டு மணி நேரத்தின் வரைகோடும் திரையில் வரும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஸ்கேன் செய்யாவிட்டால் இடையில் உள்ள பதிவு போய்விடும் என்பதால், படுக்கும் முன்னும் எழுந்ததும் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சோதனை எளிமையானது. காலையில் அதே இட்லி, அதே சாம்பார், அதே நேரம். ஒரு நாள் பொடி இல்லாமல், அடுத்த நாள் பொடியோடு. வரைகோடுகளை ஒப்பிடுவதுதான் வேலை.

முதலில் வெந்தயம். இரவு ஊறவைத்து, காலையில் மென்று தின்றுவிட்டு இட்லி சாப்பிட்டபோது, சர்க்கரை ஏறும் வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது. உச்சியும் சற்றுத் தணிந்தது. இதற்குக் காரணம் தெரிந்ததுதான். வெந்தயத்தில் உள்ள கரையும் நார் வயிற்றில் கூழாகி, மாவுச்சத்து செரித்து இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990-களில் செய்த ஆய்வுகளில் நோயாளிகளுக்குத் தினமும் 25 கிராம் வெந்தயம் கொடுத்தார்கள். சில ஆய்வுகளில் அதைவிடவும் அதிகம். நாம் வாயில் போட்டுக்கொள்ளும் ஒரு தேக்கரண்டி அதில் சிறு பங்கு. அந்தச் சிறு பங்குக்குக் கிடைத்ததும் சிறு பலன்தான். அதே இட்லிக்குப் பிறகு இருபது நிமிடம் தெருவில் நடந்த நாளில் கோடு அதைவிட நன்றாகத் தாழ்ந்தது.

சிறுகுறிஞ்சானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் நம் ஊர் அறிவியல் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் சண்முகசுந்தரம் குழுவினர், அந்த இலையிலிருந்து எடுத்த சாற்றை இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்கு, தினமும் 400 மில்லிகிராம் வீதம், 18 முதல் 20 மாதம் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 1990-இல் வெளியான அந்த ஆய்வில் ஐந்து பேர் மாத்திரையை விட முடிந்தது. கடைகளில் ‘ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்று ஒட்டி விற்கும்போது சொல்லாமல் விடுவது மீதி 17 பேரை. யாருக்குச் சாறு, யாருக்கு வெறும் மாத்திரை என்று குலுக்கிப் பிரித்த ஆய்வும் அல்ல அது. அந்தச் சாறு வேறு, பொட்டலத்தில் வரும் இலைத்தூள் வேறு. தூளை எடுத்த நாள்களில் என் வரைகோட்டில் நான் நம்பிச் சொல்லும்படி எந்த மாற்றமும் இல்லை. நாக்கில் மட்டும் வேலை நடந்தது. இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்புச் சுவையைச் சிறிது நேரம் மறைத்துவிடும். பாயசம் கஞ்சியைப் போல் இருந்தது, பாதியிலேயே வைத்துவிட்டேன். இனிப்பைக் குறைக்க நினைப்பவருக்கு அது நல்ல உதவிதான். சென்னையில் தொடங்கிய அந்த ஆய்வைப் பெரிய அளவில், முறையாக நடத்தி முடிவு சொல்லியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

மூலிகை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கருவியை வாங்குமுன் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் நெல்லிக்காய். சர்க்கரைக்கு என்று விற்கும் கலவைப் பொடிகள் பலவற்றில் நெல்லி இருக்கிறது, அதில் வைட்டமின் சி நிறைய. வைட்டமின் சி மாத்திரைகளை அதிக அளவில் எடுத்தால் சென்சார் உண்மையைவிடக் கூடுதலாகச் சர்க்கரையைக் காட்டக்கூடும் என்று லிப்ரேயின் கையேடே எச்சரிக்கிறது. லிப்ரே 2 என்ற அடுத்த மாடலுக்கு அந்த வரம்பு நாளுக்கு 500 மில்லிகிராம். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு இது விளையாட்டல்ல. உள்ளே சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும்போது திரை ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் வந்தால் திரையை நம்பாமல் விரலில் குத்திப் பாருங்கள்.

எல்லா நிறுவனங்களின் சென்சார்களுக்கும் பொதுவான வேறு சில வரம்புகளும் உண்டு. சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரை அளக்கிறது. சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிடங்கள் பின்தங்கும். முதல் நாள் அளவுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்சார் உள்ள கையின் மேல் படுத்து அழுத்தினால் நள்ளிரவில் பொய்யான தாழ்வு பதிவாகும். அதைப் பார்த்து ‘பொடி வேலை செய்கிறது’ என்று மாத்திரையைப் பாதியாக்கிவிடக் கூடாது.

உண்மையாகவே ஒரு பொடி கோட்டைச் சரேலென்று கீழே இறக்கினால்? மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். 2013-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இந்தியப் பாரம்பரிய மூலிகை மருந்து என்று விற்கப்பட்ட ‘டியெக்ஸி’ என்ற பொருளில் மெட்ஃபார்மின் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து எச்சரித்தது. லேபிளில் அது இல்லை. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் இப்படி ஒன்றைச் சேர்த்துச் சாப்பிட்டால், தெரியாமலே கூடுதல் அளவு உள்ளே போகும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது உயிராபத்து. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூலிகை வேண்டாம், மாத்திரைதான் உயர்வு என்று நான் சொல்லவில்லை. மெட்ஃபார்மினின் வேரே ஐரோப்பாவில் நீரிழிவுக்குப் பயன்பட்ட கலேகா என்ற செடியில்தான் இருக்கிறது. அந்தச் செடியின் சேர்மத்தைத் தடம் பிடித்துப் போய், அளவும் நச்சும் கணக்கிட்டு, பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957-இல் நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்து 1998-இல் வெளியான யு.கே.பி.டி.எஸ். ஆய்வில், உடல் எடை கூடிய நோயாளிகளில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் நீரிழிவு தொடர்பான இறப்பு, பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டை நம்பியவர்களைவிட 42 சதவீதம் குறைந்திருந்தது. நாட்டு மருந்துக் கடையின் எந்தப் பொடிக்கும் இப்படி ஒரு கணக்கு இல்லை. இதைச் சென்சாரும் காட்டாது. கண் விழித்திரையும் சிறுநீரகமும் இதயமும் பத்தாண்டு கழித்து எப்படி இருக்கும் என்பது 14 நாள் கோட்டில் தெரியாது.

கருவிக்கு என் தீர்ப்பு: வாங்கலாம். ஒரு சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, அதனால் மாதாமாதம் ஒட்டத் தேவையில்லை. மாத்திரை மாறும்போதோ உணவை மாற்றும்போதோ ஒருமுறை ஒட்டிப் பார்த்தால், எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது, எந்த நடை இறக்குகிறது என்பது பல மாதங்களுக்கு மனத்தில் நிற்கும். நாளில் 70 சதவீத நேரமாவது சர்க்கரை அளவு 70-க்கும் 180-க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள், அதோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி பரிசோதனையும் செய்யுங்கள்.

வெந்தயம் சாப்பிடுங்கள், தடையில்லை. எந்தச் சூரணம் எடுத்தாலும் அதை மருத்துவரிடம் பெயர் சொல்லி, பொட்டலத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரையைக் குறைக்கும் எண்ணம் இருந்தால் வரைகோட்டையும் சேர்த்து அவர் மேசையில் வைத்துக் கேளுங்கள். முதல் வகை நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளின் பெற்றோர், எந்தப் பொடியை நம்பியும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கீட்டோஅசிடோசிஸ் என்ற உயிராபத்தான நிலை வர ஓரிரு நாளே போதும்.