ஸ்பிட்ஃபயருக்கு எண்ணெய் விட்ட ஒன்பது மாதம்

வண்டியை வாங்கிய அன்றே வாட்ஸப்பில் அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். திருச்சியிலிருந்து வந்த பதிலில் "நல்லா இருக்கும்மா" என்றும் இல்லை, "எவ்வளவு ஆச்சு?" என்றும் இல்லை. "முன்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டியா? கிரீஸ் இல்ல, எண்ணெய்" என்று மட்டும் இருந்தது.

அப்பா ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் எழுபதுகளில் அவர் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான கார். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் ஓடியதுதான். அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, இரண்டே பேர் உட்காரும் திறந்த பாடியை மேலே வைத்தால் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியர் ஜோவான்னி மிகெலோட்டி. முன்சக்கரங்களின் அமைப்பும் ஒன்றேதான். ஆகவே அப்பா கேட்டது சரியான கேள்வி. என்னிடம் பதில்தான் இல்லை.

என்னுடையது 1978-ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயர் 1500. 1493 சி.சி. இன்ஜின், 71 குதிரைத்திறன், ஏறக்குறைய 800 கிலோ எடை. நிறம் இன்கா மஞ்சள். பழுத்துக் கனிந்த கடுகு மாங்காய் ஊறுகாயின் மேல் மிதக்கும் எண்ணெயைப் போல இருக்கும். விலை 5,200 பவுண்ட். நான் இருப்பது கவென்ட்ரியில். இந்த வண்டி பிறந்த கேன்லி தொழிற்சாலை என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் போகும் தெருவுக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1961-இல் கடனில் தத்தளித்த ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபை லேலண்டு வாங்கியபோது, ஒரு மூலையில் துணி போட்டு மூடிக் கிடந்த மாதிரி வண்டியை லேலண்டின் ஆட்கள் பார்த்தார்கள் என்றும், அதைத் தயாரிக்கலாம் என்று ஒப்புதல் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் வெளிவந்து, 1980 ஆகஸ்ட் வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால்தான் இன்றைக்கும் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய கார் வாங்க நினைப்பவர்கள் அழகைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

வாங்கப் போனபோது கையில் கொண்டுபோனது மூன்று பொருள்: ஒரு டார்ச், துணியில் சுற்றிய ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதியில் காந்தத்தை வைத்து நகர்த்தினேன். இடப்பக்கம் முழுக்க ஒட்டியது. வலப்பக்கம் பின்னால் ஒரு ஜாண் நீளத்துக்கு வழுக்கி விழுந்தது. அங்கே தகரம் இல்லை, பட்டி. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் இருந்தாலும் சில்கள்தான் நடுவில் வளையாமல் பிடித்து நிறுத்துகின்றன. அவை துருப்பிடித்தால் கதவின் இடுக்கு மேலே குறுகும், கீழே விரியும். பெயின்ட் பளபளப்பை எல்லாரும் பார்ப்பார்கள். கதவு இடுக்கில் விரலை ஓட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்து, விற்றவரைக் கிளச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பார்த்தேன். மிதிக்கும்போதெல்லாம் புல்லி மெல்ல முன்னால் வந்து பின்னால் போயிற்று. கண்ணுக்கே தெரிந்தது. 1500 இன்ஜினின் பெயர்பெற்ற நோய் இது. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை கடைசி மெயின் பேரிங்கின் இருபுறமும் இருக்கும் பிறை வடிவத் த்ரஸ்ட் வாஷர்கள். கிளச்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பாரம் அவற்றின் மேல்தான் விழுகிறது. தேய்ந்து தேய்ந்து ஒருநாள் அவை நழுவி ஆயில் சம்பில் விழும். அதன் பிறகு கிராங்க் இன்ஜின் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். பிளாக் போனால் இன்ஜின் போனது. இந்த ஒரு காரணத்தைச் சொல்லி 400 பவுண்ட் குறைத்தேன். விற்றவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் மறுக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து டயல் கேஜ் வைத்து அந்த நகர்வை அளந்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே. நல்லவேளை, இதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஆயிலை வடித்து, சம்பைக் கழற்றி, பின்பக்க மெயின் பேரிங் மூடியை இறக்கினால் பழைய வாஷரைச் சுற்றித் தள்ளி எடுத்துவிடலாம். புதியதைப் போடும்போது பள்ளக் கோடுகள் உள்ள முகம் கிராங்க் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில நூறு மைலில் வேலை முடிந்தது. என் வண்டியில் ஒன்று அப்படித்தான் திரும்பியிருந்தது. யாரோ ஒருவர் இந்த வேலையை முன்பே செய்திருக்கிறார், பாதி தெரிந்து. புது வாஷர் போட்டபின் 0.2 மி.மீ. ஒரு சனிக்கிழமை முழுக்கக் கீழே படுத்துக் கிடந்ததற்குக் கிடைத்த கூலி அது.

அந்த "யாரோ ஒருவர்" இந்த ஒன்பது மாதமும் என் கூடவே இருந்தார். நாற்பத்தைந்து வருடத்தில் எத்தனை பேர் கைவைத்தார்களோ! பின்விளக்கு மங்கலாக எரிந்தது. லூகாஸ் கம்பெனியை 'இருளின் இளவரசன்' என்று பிரிட்டனில் கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் டிக்கி அட்டையைப் பிரித்தேன். லூகாஸ் போட்ட ஒயர் நாற்பது வருடம் தாண்டியும் நிறம் மாறாமல் இருந்தது. கெட்டது, பின்னால் வந்த ஒருவர் ஸ்பீக்கருக்காக நடுவில் கவ்விவிட்ட நீலப் பிளாஸ்டிக் கிளிப்பும், துருப்பிடித்த எர்த் போல்ட்டும். போல்ட்டைத் தேய்த்து, கிளிப்பை வெட்டி, ஒயரை ஈயம் வைத்துப் பற்றினேன். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இப்போது எண்ணெய். முன்சக்கரத்தைத் திருப்பும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் திருகு வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் நட்டும் போல்ட்டுமாக உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுழலும். அந்தக் கட்டைதான் ட்ரன்னியன். அதற்குள் இ.பி. 90 கியர் ஆயில் விடச் சொல்கிறது கம்பெனிக் கையேடு. கிரீஸ் போட்டால் நாளாக நாளாக இறுகி அடைத்துக்கொள்ளும், ஈரம் உள்ளே தங்கும், திருகின் பள்ளத்தில் துரு பிடித்து ஒருநாள் தண்டு முறியும். அப்பாவின் ஹெரால்டுக்கு விராலிமலைக்குப் பக்கத்தில் அதுதான் நடந்தது. கோயிலுக்குத் திரும்பும் வளைவில் மெதுவாகத் திருப்பியபோது இடது சக்கரம் மடங்கி உள்ளே போய்விட்டது. யாருக்கும் அடியில்லை. அம்மா மட்டும் அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை.

நான் திறந்து பார்த்தபோது வெளியே வந்தது பழம்புளி மாதிரி கறுத்த கிரீஸ். வலப்பக்கத் தண்டு தப்பித்தது. இடப்பக்கத் தண்டின் திருகில் நகம் மாட்டும் அளவுக்குத் துருப்பள்ளம். இடப்பக்கத் தண்டைப் புதிதாக மாற்றி, இரண்டு பக்கமும் கழுவி, பழைய கிரீஸ் கன் ஒன்றைக் கழுவி அதில் எண்ணெய் நிரப்பி, மேல்விளிம்பில் கசியும்வரை அடித்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிட வேலை. கிரீஸே போதும் என்று வாதிடும் அனுபவசாலிகள் இங்கேயும் இருக்கிறார்கள். விராலிமலைக்கு அவர்கள் போனதில்லை.

இந்த வண்டியில் கைவேலை செய்வது எவ்வளவு சுகம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பானெட் என்பது வெறும் மூடியல்ல. இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முன்பாதி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். அப்புறம் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து கார்பரேட்டரைத் திருகலாம். டயரில் ஒரு பழைய தலையணை, பக்கத்தில் டீ. ஸ்பேனர் மட்டும் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16. நம் ஊர் 13 நம்பர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் ஏறும், கொஞ்சம் ஆடும், கடைசியில் முனையை மழுக்கும். அந்த ஆசை வேண்டாம்.

இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர்கள். அவற்றைச் சமன்படுத்த நான் பயன்படுத்துவது ஒரு முழ நீள ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கார்பரேட்டரின் வாயில் பிடித்தால் 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். இரண்டிலும் ஒரே சுருதி வரும்வரை திருக வேண்டும். பிறகு பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்கிப் பார்க்க வேண்டும்: இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு, லேசாக ஏறி அடங்கினால் சரி. வண்டியை ஸ்கேனரில் மாட்டிப் பார்க்கும் காலத்தில் இது சற்றே பைத்தியக்காரத்தனம்தான். எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, மாற்றங்கள். வாங்கியவுடன் எல்லாரும் சொன்னது: அகல டயர் போடு, ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்து. இரண்டையும் செய்யவில்லை. இந்தக் காரின் பின்பக்கம் ஒரே ஒரு குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கில் தொங்குகிறது. ஆரம்ப கால வண்டிகளில் வேகமாக வளையும்போது பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி சுற்றிவிடும். 1970-இல் அந்த ஸ்பிரிங்கின் பட்டைகளில் அடிப்பட்டையை மட்டும் இறுக்கி, மற்றவை அசைந்து கொடுக்கும்படி மாற்றினார்கள். பெரும்பாலும் தொல்லை தீர்ந்தது. கணக்குப் பண்ணி அவர்கள் தீர்த்ததை வெட்டிக் கெடுப்பானேன்? டயரும் அப்படித்தான். 155 அளவு போதும். ஆனால் பழைய டயரின் பக்கவாட்டில் 2409 என்று எண் இருந்தது: 2009-இன் இருபத்துநான்காவது வாரம். பட்டன் தேயவே இல்லை, ரப்பர் மட்டும் கல்லாக இறுகியிருந்தது. நான்கையும் மாற்றிய நாளில்தான் இது ஸ்போர்ட்ஸ் கார் என்று தெரிந்தது.

செய்தவற்றில் முதலாவது பெட்ரோல் குழாய். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. என் குழாயை வளைத்ததும் மேல்தோல் வெடித்தது, கீழே சூடான மேனிஃபோல்டு. ஆர் 9 முத்திரை உள்ள குழாய்க்கு மாற்றி, ஐந்து சதவீதத்துக்கு மிகாத சூப்பர் பெட்ரோல்தான் ஊற்றுகிறேன். ஆயில் ஃபில்டருக்கு ஒரு அடாப்டர் போட்டு இக்காலத் திருகு ஃபில்டர் மாட்டினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் கடகடப்பு நின்றது. ஹெட்லைட்டுக்கு ரிலே. இவை மூன்றும் கண்ணில் படாதவை, ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றக்கூடியவை.

எலக்ட்ரானிக் இக்னிஷனில் ஒரு பாடம். அந்தக் கருவி குறையில்லாமல் வேலை செய்தது. கூடவே 'இதுவும் புதுசாக இருக்கட்டும்' என்று இணையத்தில் வாங்கிய ரோட்டார் அறுபது மைலில் செத்தது. ரவுண்டானாவின் நடுவில், மழையில், பின்னால் பேருந்து. வெளியே பார்க்கப் புத்தம்புதிது. உள்ளே ஆணிக்கு அடியில் மின்சாரம் கசிந்து தண்டுக்கு இறங்கிவிட்டது. கழற்றிய பழைய ரோட்டாரை டிக்கியில் மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மாட்டினேன், கிளம்பியது. இன்றும் அதில்தான் ஓடுகிறது.

ஓவர்டிரைவ் வேலை செய்யாது என்று சொல்லித்தான் விற்றார்கள். கியர் நெம்புகோலின் தலையிலேயே அதன் சுவிட்ச். தலையைத் திறந்தால், கியர் மாற்றி மாற்றி நசுங்கி அறுந்த ஒரு மெல்லிய ஒயர், அவ்வளவுதான். மூன்றாவது, நான்காவது கியர்களில் கட்டைவிரலால் தள்ளினால் கூடுதலாக ஒரு கியர் கிடைத்த மாதிரி. 70 மைல் வேகத்தில் ஏறத்தாழ 3,900 சுற்றிலிருந்து 3,100-க்கு இறங்கி, இன்ஜின் பெருமூச்சு விடும். இந்த இன்ஜினின் அடிப்பகுதி நெடுநேர அதிவேகத்தைத் தாங்காது என்பதால், வாங்குவோருக்கு என் அறிவுரை: ஓவர்டிரைவ் இல்லாத 1500 வேண்டாம்.

ஓட்ட எப்படி? வேகமில்லை. சிக்னலில் எந்தச் சின்னக் காரும் முந்தும். லாரியின் சக்கர நட்டு கண்மட்டத்தில் இருக்கும். ஆனால் 24 அடி வட்டத்தில் திரும்பிவிடும், லண்டன் டாக்சியையே மிஞ்சும். நாட்டுப்புறச் சாலையில் நாற்பது மைலில் போனாலே எண்பதில் போகிற குதூகலம். மழை பெய்தால் கூரையின் முன்விளிம்பிலிருந்து சொட்டு இடது முழங்காலில் விழும். அதன் காரணத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நாற்பது வயது கடந்த வண்டி என்பதால் சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யாதவரை ஆண்டுப் பரிசோதனையும் 2018 முதல் கட்டாயமில்லை. இருந்தும் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறேன். இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டும். இதுவரை வண்டி விலைக்குமேல் ஆன செலவு 2,300 பவுண்ட். அதில் 1,350 அந்த வலப்பக்கச் சில்லை வெட்டி வெல்டிங் வைத்த டிங்கரிங் வேலைக்கு.

இப்போது இரண்டாவது கியர் கரகரக்கிறது. கியர் பாக்ஸ் கீழ்வழியாக இறங்காது. சீட்டுகளைக் கழற்றி, நடு மேட்டுமூடியை எடுத்து, காருக்குள்ளிருந்தே தூக்க வேண்டும். "தனியாத் தூக்காதம்மா, இடுப்பு போயிரும்" என்கிறார் அப்பா. அடுத்த மாதம் வருகிறார். அதுவரை இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கொஞ்சம் பொறுமையாகப் போடுகிறேன்.