கால்விரலில் மாட்டித் திரித்த மாலை

ஹவாய்த் தீவுகளில் பட்டமளிப்புக் காலம் வந்தால் படிப்பை முடித்த பிள்ளைகளின் முகமே சரியாகத் தெரியாது. உறவினர் ஒவ்வொருவராகப் போடும் ‘லே’ மாலைகள் தோளில் தொடங்கி வாய்வரை ஏறிவிடும். ஆர்க்கிட் மாலை கடையிலேயே கிடைக்கிறது. ரிப்பனில் பின்னியது, மிட்டாய் கோத்தது, டாலர் நோட்டை மடித்துச் செய்தது என்று வீட்டில் செய்பவையும் ஏராளம். என் மனம் நிற்பது கீ என்ற செடியின் இலையில் திரிக்கும் மாலையில்தான்.

நீண்ட பச்சை இலையின் நடுநரம்பை உரித்தெடுத்து, உறைபெட்டியில் வைத்தோ இஸ்திரி போட்டோ துவள வைக்கிறார்கள். இலைகளை இரண்டு புரிகளாகச் சேர்த்து முடிந்து, அந்த முடிச்சைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு புரிகளையும் தனித்தனியே ஒரே பக்கமாக முறுக்கி, எதிர்ப்பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று சுற்ற வேண்டும். பிரியப் பார்க்கும் முறுக்கே இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கயிறு திரிப்பதன் சூட்சுமமும் இதுவே. புரி தீரும் இடத்தில் அடுத்த இலையைச் செருகி நீட்டுகிறார்கள்.

பூமாலை சில நாளில் வாடிப்போகும். இதுவோ காய்ந்து பழுப்பேறினாலும் குலையாது. அத்தையோ பாட்டியோ பேசிக்கொண்டே திரித்ததில் முறுக்கு எங்காவது தளர்ந்திருக்கும். அந்தத் தளர்வுக்காகவே மற்ற எல்லா மாலைகளுக்கும் மேலாக இதை வைப்பேன்.