கண்ணைக் கொஞ்சம் கேலரிப் பக்கம் திருப்புங்க

கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம், ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் அதற்குள்ளேயே மாருதி உடற்கல்விக் கல்லூரியும் இருக்கிற ஊர். சின்ன வயதில் இந்தப் பக்கம் பார்த்த கால்பந்து ஆட்டங்களில் ஒன்றின் ஸ்கோர்கூட எனக்கு நினைவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மட்டும் அப்படியே மனதில் நிற்கிறார்கள்.

கார்னர் கொடியருகே டி.வி.எஸ். 50-க்கு ஸ்டாண்டு போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார் ஒரு பெரியவர். பந்து கோட்டைத் தாண்டினால் ரெஃப்ரி கையைத் தூக்குவதற்குள் இவர் துண்டைத் தூக்கிவிடுவார். பையன்கள் துண்டைப் பார்த்தே த்ரோ எடுப்பார்கள். இன்னொருவர் மில் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு வந்து கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்பார். "எறங்கி வா கண்ணு, போஸ்ட்டுலயே நிக்காத" என்று கோலிக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும், அவர் நகரமாட்டார். எதிரணி கோலிக்கும் அதே அக்கறையோடு பாடம் நடக்கும்.

இப்படிப்பட்டவர்களை ரசிக்க, அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். கோலுக்குப் பின்பக்கம் இடம் பிடியுங்கள். சத்தம் அங்கேதான். முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டுக் காதைத் தீட்டுங்கள். எங்கள் பக்கம் திட்டுவதற்கும் மரியாதை உண்டு: "ஏனுங் ரெஃப்ரி, அது ஃபவுல் இல்லீங்களா?" அந்த 'ங்க' எப்போது உதிர்கிறது என்று கவனியுங்கள். ஆட்டம் சூடேறிவிட்டது என்பதற்கு அதைவிடத் துல்லியமான அடையாளம் எனக்குத் தெரியாது. பிறகு ஒரே ஒருவரைத் தேர்ந்துகொண்டு, பெனால்டியின்போது அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.

இவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கொல்கத்தாவில் மிட்டாய் விற்றபடியே ஈஸ்ட் பெங்காலுக்குக் குரல் கொடுத்த ஜமுனா தாஸை மைதானமே 'லசென்ஸ் மாசி' என்று அழைத்தது. ஸ்பெயின் அணிக்காக 1982-லிருந்து உலகக் கோப்பைகளுக்குப் பெரிய மேளத்தைச் சுமந்து போன மனோலோ, 2025 மே 1-ல் காலமானார். அன்று எனக்கு அந்த டி.வி.எஸ். பெரியவர் ஞாபகம்தான் வந்தது.

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். மினர்வா பஞ்சாபை வென்றால் சென்னை சிட்டிக்கு ஐ-லீக் பட்டம். தவறினால் ஈஸ்ட் பெங்கால் முந்திவிடும் நிலை. ஆரம்பத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. எனக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர். இடைவேளைவரை வாயே திறக்கவில்லை. இரண்டாம் பாதியில் சென்னை சிட்டியின் மான்சி பெனால்டி அடிக்கப் போனபோது நான் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை இறுக மூடியிருந்தார். கேலரி எழுந்த சத்தத்தில்தான் கோல் என்று இருவருக்கும் தெரிந்தது. அடுத்து கௌரவ் போரா ஒன்று போட்டார். இஞ்சுரி டைமில் அவரே இன்னொன்று போட்டு 3-1 ஆக்கியபோது, பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, அந்த அசாம் பையனைப் பார்த்துக் கத்தினார்: "எங் கண்ணு! எங் கண்ணு!"