லா சூப்பர்பா என்றொரு சிவப்பு

வெறுங்கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. சப்தரிஷி மண்டலத்துக்குப் பக்கத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் ஒரு மங்கல் புள்ளி, அவ்வளவுதான். நகரத்து வானத்தில் அதுவும் தெரியாது. அதே புள்ளியைப் பைனாகுலரில் பிடித்துப் பாருங்கள்! வெள்ளையும் வெளிர்நீலமுமாகச் சிதறிக் கிடக்கும் கூட்டத்தில் இது ஒன்று மட்டும் செம்புச் சாயலேறிய ஆழ்ந்த ஆரஞ்சில் நிற்கும். எனக்கு வானத்தில் இதைவிடப் பிடித்த நிறம் கிடையாது. யார் எப்போது கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

பட்டியல்களில் இதன் பெயர் ஒய் கேனம் வெனாட்டிகோரம். வேட்டை நாய்கள் மண்டலத்தில் இருக்கிறது. ‘லா சூப்பர்பா’ என்ற அழகான பெயரை வைத்தவர் ஆஞ்ஜெலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம்.

மே மாத நடுவில், இரவு ஒன்பது மணிவாக்கில் வடக்கு பார்த்து நில்லுங்கள். சப்தரிஷி மண்டலம் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். வசிஷ்டரும் அருந்ததியும் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்களை அடுத்து, சதுரத்தின் பக்கமாக இருப்பவர் ஆங்கிரசர். அங்கிருந்து உச்சி நோக்கிக் கண்ணை ஏற்றினால் தனியாக ஒரு நட்சத்திரம் தென்படும், அது கோர் கரோலி. கோர் கரோலியிலிருந்து ஆங்கிரசரை நோக்கி மறுபடி இறங்குங்கள். பாதித் தூரம் வருவதற்குச் சற்று முன்னால், கோட்டிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பதுதான் நம் ஆள். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே ஐம்பது பாகைக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும். கழுத்தும் வலிக்காது, தூசிப் படலமும் மறைக்காது.

ஜவ்வாது மலைப் பக்கம் நிலா இல்லாத இரவுகளில் என் ஆறு அங்குலத் தொலைநோக்கியை இதன் மீது திருப்புவது என் வருடாந்திர திருவிழா. பார்க்கும்போது ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிடுவேன். கூர்மையான புள்ளியாக இருந்தால் கண் பிரகாசத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். புள்ளி சிறு வட்டமாக விரிந்தவுடன் நிறம் அப்படியே பொங்கி வரும். ஒருமுறை ஊர்ப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது அணையப் போவுதா?” என்று கேட்டான். வானியல் பாடப்புத்தகம் பல பக்கங்களில் சொல்வதை அந்தப் பிள்ளை நிறத்தை வைத்தே பிடித்துவிட்டான்! ஆமாம், நட்சத்திரக் கணக்கில் இது கடைசிக் காலத்தில்தான் இருக்கிறது.

இதன் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 2,800 கெல்வின், சூரியனுடையதில் பாதிதான். அவ்வளவு ஆறிப்போன உடம்பு. ஆனாலும் இது மொத்தமாக உமிழும் ஆற்றல் சூரியனைப் போல் பல ஆயிரம் மடங்கு. ஆறிய பொருள் அவ்வளவு ஆற்றலைக் கொட்ட வேண்டுமென்றால் பரப்பு பயங்கரமாக இருந்தாக வேண்டும், இருக்கிறது. சூரியனை எடுத்துவிட்டு இதை அங்கே வைத்தால் பூமி இதன் வயிற்றுக்குள் போய்விடும். அத்தனை பெரிய உடம்பில் உள்ள பொருளோ சூரியனைப் போல் ஒரு மடங்கு, சில மடங்கு என்ற அளவில்தான். ஆகவே வெளியடுக்குகள் நாம் சுவாசிக்கும் காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியவை. விளிம்பு என்று ஒன்றைச் சுட்டிக் காட்டவே முடியாது. நாம் பெறுவதோ இதன் ஒளியில் ஒரு சிறு பங்கு, பெரும்பகுதி அகச்சிவப்பில் போய்விடுகிறது. தூரம் ஏறக்குறைய ஆயிரம் ஒளியாண்டு. வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதற்கு வேறு காரணம் வேண்டுமா என்ன!

ஆனால் குளிர்ச்சி மட்டுமே இந்த நிறத்தைக் கொடுத்துவிடாது. திருவாதிரையும் குளிர்ந்த நட்சத்திரம்தான், கேட்டையும் அப்படியே. இரண்டையும் சிவப்பு என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். வானியலாளர்கள் நிறத்தை ஓர் எண்ணால் அளக்கிறார்கள், எண் ஏற ஏறச் சிவப்பு கூடும். திருவாதிரைக்கு அது 1.8ஐ ஒட்டி வரும், லா சூப்பர்பாவுக்கோ 2.5ஐ ஒட்டி. இரண்டையும் பார்த்த கண்ணுக்கு அதற்குப் பிறகு திருவாதிரை வெறும் ஆரஞ்சுதான்.

அந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒரே ஒரு கணக்கு. எனக்கு வானியலிலேயே மிகப் பிடித்த கணக்கு இதுதான். குளிர்ந்த நட்சத்திரத்தின் மேல் வளிமண்டலத்தில் அணுக்கள் சேர்ந்து மூலக்கூறுகள் ஆகலாம். அங்கே கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று கண்டால் விடாது. கார்பன் மோனாக்சைடாக இறுகிவிடும், ஈரணுப் பிணைப்புகளில் இதைவிட வலுவானது இல்லை. ஆகவே இரண்டில் எது குறைவோ அது முழுக்கத் தீர்ந்துபோகும். சூரியனிலும் திருவாதிரையிலும் ஆக்சிஜன் அதிகம். திருவாதிரையில் கார்பன் தீர்ந்தபின் மிஞ்சிய ஆக்சிஜன் டைட்டானியம் ஆக்சைடு, நீராவி என்று சேர்கிறது. லா சூப்பர்பாவில் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோய் கார்பன் மிஞ்சுகிறது. மிஞ்சிய கார்பன் என்ன செய்யும்? தன்னோடு தானே சேர்ந்து ஈரணுக் கார்பனாகும், மூவணுக் கார்பனாகும், நைட்ரஜனைப் பிடித்து சயனோஜனாகும், சிலிக்கனையும் பிடித்துக்கொள்ளும். இத்தனையும் நீலத்தையும் ஊதாவையும் விழுங்குகிற கூட்டம். நட்சத்திரம் சிவப்பை உண்டாக்குவதைவிட, சிவப்பைத் தவிர மற்றதையெல்லாம் இந்தக் கார்பன் கூட்டம் தின்றுவிடுகிறது என்பதே சரி.

இதில் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் ஒன்று உண்டு. வீட்டு கேஸ் அடுப்பைப் பற்றவைத்து சுடரைக் குனிந்து பாருங்கள். பர்னர் துளைகளுக்கு மேலே ஒட்டி நிற்கும் நீலப்பச்சைக் கூம்பில் ஒளி விடுபவற்றுள் அதே ஈரணுக் கார்பனும் ஒன்று! ஸ்காட்லாந்தின் வில்லியம் ஸ்வான் 1856ஆம் ஆண்டு வாக்கில் சுடரின் நிறமாலையில் இந்தப் பட்டைகளை ஆராய்ந்தார், இன்றும் அவை ஸ்வான் பட்டைகள்தான். நீலத்தில் 473 நானோமீட்டருக்கு அருகில் ஒன்று, பச்சையில் 516இல் ஒன்று, மஞ்சள்பச்சையில் 563இல் ஒன்று. அடுப்பில் ஒளியாக வருவது எதுவோ, லா சூப்பர்பாவில் அதே அலைநீளங்களில் இருட்டு. என் சமையலறையில் நீலத்தைக் கொடுக்கும் மூலக்கூறு அங்கே நீலத்தை எடுத்துக்கொள்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து காபி போடும்போதெல்லாம் எனக்கு வேட்டை நாய்கள் மண்டலம்தான் ஞாபகம்.

செக்கியும் இதைக் கண்ணால் பார்த்தவர். ரோமில் சாந்த் இக்னாசியோ தேவாலயத்தின் கூரைமேல் இருந்த வானாய்வகத்தில், 1860களில், நட்சத்திரம் நட்சத்திரமாக நிறமாலை பார்த்து வகைபிரித்தார். புகைப்படத் தகடு கிடையாது, கண்தான் கருவி. முதலில் மூன்று வகைகள் என்றவர், 1868இல் இந்த ஆழ்சிவப்பு நட்சத்திரங்களுக்காக நான்காவதைச் சேர்த்தார். அவற்றின் பட்டைகள் கார்பனை நினைவூட்டுவதையும் கவனித்தார். அத்தனை நட்சத்திரங்களைப் பார்த்த மனிதர் இந்த ஒன்றுக்குத் தனியாகப் பெயர் வைத்தார் என்றால் அவருக்கும் நெஞ்சு ஒருகணம் நின்றிருக்கத்தான் வேண்டும்.

அவர் பார்த்ததை நீங்களும் பார்க்கலாம், பெரிய செலவில்லை. ஐபீஸில் திருகிப் பொருத்தும் சின்னக் கீற்றணி ஒன்று போதும். பக்கத்து நட்சத்திரங்களின் ஒளி சீரான வானவில் கீற்றாக விரியும். லா சூப்பர்பாவை நடுவில் கொண்டுவந்ததும் கீற்று துண்டுதுண்டாக உடைந்து நிற்கும்: சிவப்பு ஒரு துண்டு, மஞ்சள் ஒரு துண்டு, பிறகு கறுப்பு, பச்சை ஒரு துண்டு, மறுபடி கறுப்பு, நீலம் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஊதாப் பக்கம் மொத்தமாக இல்லவே இல்லை. ஒவ்வொரு துண்டின் ஒரு ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மை, மறு ஓரம் மெல்ல மங்கும். மூலக்கூறின் கையெழுத்து அது. ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள வேதியியலை, ஒரு கணினியும் இல்லாமல், குளிரில் நின்றுகொண்டு நேரே வாசிக்கிறோம்! இதைவிட ஒரு சுகம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இது எப்போதும் ஒரே பிரகாசத்தில் இருப்பதில்லை. உடம்பு விரிந்து சுருங்குகிறது. சுமார் 160 நாள் ஒரு சுற்று என்றாலும் கடிகாரம் மாதிரி அல்ல. பொலிவெண் 4.8 முதல் 6.3 வரை ஏறி இறங்கும், அதாவது நல்ல வானத்தில் வெறுங்கண்ணின் எல்லையைத் தாண்டியும் திரும்பியும் வரும். அதன் பிரகாசத்தை மதிப்பிட விரும்பினால் உற்றுப் பார்க்காமல் ஓரிரு கணம் மட்டும் பாருங்கள். சிவப்பு ஒளி கண்ணில் சேர்ந்துகொண்டே போய், நட்சத்திரம் உள்ளதைவிடப் பிரகாசமாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

இனி வருவது எனக்குத் தூக்கம் கெடுக்கும் பகுதி. கார்பனில் 12, 13 என்று இரண்டு நிலையான ஐசோடோப்புகள். பூமியில் ஒரு கார்பன்-13க்கு எண்பத்தொன்பது கார்பன்-12 உண்டு. லா சூப்பர்பாவில் அந்த விகிதம் மூன்று நான்குக்குள் அடங்கிவிடுகிறது. எப்படித் தெரியும்? அணு கனமானால் மூலக்கூறு மெதுவாக அதிரும், பட்டை சற்றே நகரும். சாதாரண கார்பன் இரட்டையின் பட்டை 473.7 நானோமீட்டரில் இருக்கிறது, ஒரு கார்பன்-13 கலந்த இரட்டையினது 474.4இல். ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த இந்த இடைவெளியில்தான் நட்சத்திரத்தின் ரகசியம். பெரும்பாலான கார்பன் நட்சத்திரங்களில் கார்பன் எங்கிருந்து வந்தது என்று தெரியும். உள்ளே ஹீலியம் எரிந்து உண்டான கார்பன்-12, கிணற்றில் சேறு கலங்குவதுபோல் கிளர்ந்து மேலே வருகிறது. கூடவே நியூட்ரான்களைப் பிடித்து உருவான கனத் தனிமங்களும் வரும். சில குளிர்ந்த ராட்சதர்களில் டெக்னீசியமே இருக்கிறது, 1952இல் பால் மெரில் கண்டது. நிலைக்காத அந்தத் தனிமம் அங்கே சமீபத்தில் பிறந்திருக்க வேண்டும். லா சூப்பர்பாவின் வகையில் அந்தக் கனத் தனிம அடையாளம் இல்லை. அதற்குப் பதிலாக ஹைட்ரஜன் உலையில் முழுக்கச் சுழன்று வந்த கார்பன்-13 குவிந்து கிடக்கிறது. எப்படி? இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று இணைந்ததால் இருக்கலாம் என்று ஒரு யோசனை. முடிவான விடை கையில் இல்லை. வெறுங்கண்ணுக்கே தெரியும் நட்சத்திரம், இன்னமும் வாயைத் திறக்கவில்லை!

உள்ளிருப்பதை இது வெளியே கொட்டிக்கொண்டும் இருக்கிறது. பொருள் வெளியேறும் வேகத்தைப் பார்த்தால் சில பத்தாண்டுகளுக்கு ஒரு பூமியளவு போய்விடும். அதைச் சுற்றி ஐரோப்பாவின் ஐசோ அகச்சிவப்பு விண்கலம் தூசிக் கூடு ஒன்றைக் கண்டது. பிரான்சின் நான்சே ரேடியோ தொலைநோக்கி அங்கே ஹைட்ரஜனையும் கேட்டது. தூசி பெரும்பாலும் கார்பனும் சிலிக்கன் கார்பைடும். இந்தச் சிலிக்கன் கார்பைடு எங்கோ இருப்பது மட்டுமல்ல. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற இடத்தில் விழுந்த விண்கல்லுக்குள், சூரியனுக்கு முந்திய நட்சத்திரங்கள் கொட்டிய சிலிக்கன் கார்பைடு துகள்கள் இருந்தன. அவற்றில் சிலவற்றில் கார்பன்-13 அளவுக்கு மீறி உண்டு. லா சூப்பர்பாவின் வகை நட்சத்திரங்களே அவற்றின் பிறப்பிடமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்க்கக்கூடிய நட்சத்திரத் தூசி!

மே வரை பொறுக்க முடியாதவர்களுக்கும் வழியுண்டு. நவம்பர் இரவில் மீன ராசியின் வட்டத்திலேயே 19 பிசியம் என்ற கார்பன் நட்சத்திரம் இருக்கிறது, பைனாகுலருக்கு வசதியான பிரகாசம். ஜனவரியில் மிருகசீரிடத்துக்குக் கீழே முயல் மண்டலத்தில், 1845இல் ஜான் ரஸ்ஸல் ஹைண்ட் கண்ட ஆர் லெபோரிஸ் இருக்கும். சில பருவங்களில் தொலைநோக்கி வேண்டிவரும், ஆனால் கிடைத்தால் நிறம் லா சூப்பர்பாவையும் மிஞ்சும். இரண்டையும் பார்த்துவிட்டு மே மாதம் வேட்டை நாய்களுக்கு வாருங்கள். ஆறு அங்குலமும் கீற்றணியும் தயாராக வைத்திருக்கிறேன்.